காரணம்: அணில்

இரவு இரண்டே காலுக்குக் கருங்காலக்குடி பீடர் விழுந்தது.
கோழிப்பண்ணைக்காரர் அதற்குள் மூன்று தடவை போன் அடித்துவிட்டார்.
நானும் ஒச்சப்பனும் டார்ச்சை மேலே தூக்கிப் பிடித்துக்
கம்பி பார்த்தபடி நடந்தோம்.
கம்பம் நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பது,
ஐம்பத்தொன்றை ஒட்டி
ஓடைக்கரைப் புளிய மரம்.

போன செவ்வாய் அதைக் கழித்தவன் நான்தான்.
மாதாந்திரப் பராமரிப்பு, காலை ஒன்பது முதல் இரண்டு வரை.
கம்பிப் பக்கம் கை நீட்டிய கொப்புகளை
எட்டடி விட்டு வெட்டச் சொன்னார்கள்.
எட்டடி எனக்கு மூன்று எட்டு.
கையகல உடம்புக்கு
அது அடுத்த ஊர்.

இதற்குத் தாவத் தெரியாது.
ஒரு கையை வைத்து, பிடி கிடைத்ததா என்று பார்த்து,
அப்புறம்தான் மறு கையை எடுக்கும்,
வட்டி பாக்கிக்காரன்
கடைவாசலைக் கடக்கிற மாதிரி.
மேற்கே கிளுவை வேலியைப் பிடுங்கிக் கல்லுக்கால் ஊன்றியாயிற்று.
கிழக்கே நாலுவழிச் சாலை.
பழகின தடத்தில்தான் வந்திருக்கும்:
கொப்பு, கொப்பு, கொப்பு,
பிறகு கொப்பு இருந்த இடம்.
அந்தாண்டை கம்பம்.
இரும்பையும் ஒரு மரம் என்று நம்பி
ஏறியிருக்கிறது.
குறுக்குச் சட்டத்தில் கால்,
கம்பியில் கை.

சுவிட்சை இறக்கிவிட்டு
ராடால் தட்டினான் ஒச்சப்பன்.
விழுந்த சத்தம்கூட இல்லை, நனைந்த துண்டு மாதிரி.
உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன்.
கட்டைவிரல் இருந்தது, ரேகை இருந்தது,
நகம் இருந்தது.
ஆள்காட்டி விரல் மட்டும் குட்டை,
யாரையும் சுட்டிக்காட்ட முடியாத கை.
கண் மூடவில்லை.
எங்கள் இரண்டு டார்ச்சையும் வாங்கிக்கொண்டு
சிவப்பாகத் திருப்பித் தந்தது.

எனக்குச் சர்வீஸ் புக்கில் மாயழகு.
எட்டாம் வகுப்புக் கணக்கு வாத்தியார் வைத்தது தேவாங்கு.
ஒல்லி, முழிக்கண், வேறென்ன.
வேலைக்கு வந்தும் பேர் கூடவே வந்தது.
முப்பது வருசமாக அதைக் கூப்பிட்டால்
நான் திரும்பியிருக்கிறேன்.

பால்வண்டிக்காரன் நிறுத்தி இறங்கினான்.
"கண்ணை மட்டும் குடுங்கண்ணே.
கொட்டாம்பட்டில ஒரு ஆளு தாயத்துல அடைக்கிறான்.
ரெண்டாயிரம் போகும், ஆளுக்குப் பாதி."
ஒச்சப்பன் மகளுக்கு அந்த வாரம் காலேஜ் பீஸ்.
அவன் தரையைப் பார்த்தான்,
கொஞ்ச நேரம் அதிகமாகவே பார்த்தான்.
அப்புறம் வண்டியிலிருந்து கடப்பாரையை எடுத்து
மரத்தடியில் குத்த ஆரம்பித்தான்.
பால்வண்டி போகும்போது ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

நாலு மணிக்கு லைன் ஏறியது.
ரிஜிஸ்டரில் காரணம் என்று ஒரு கட்டம்.
அணில், காகம், குரங்கு, பாம்பு, காற்று, கிளை,
இதற்குள் அடக்கிவிட வேண்டும்.
பக்கங்களைப் புரட்டினேன்.
இந்த வருசம் இந்த பீடரில் மட்டும் ஒன்பது அணில்,
ஒன்பதும் என் கையெழுத்து.
பாதிக்கு நாங்கள் தேடியதே இல்லை.
மீதி, கரிந்த ஏதோ ஒன்று.
ஆடியில் ஒன்றைக் காலால் ஓடையில் தள்ளினேன்,
இப்போது நினைவு வருகிறது,
அதற்கு வால் இல்லை.
வாலில்லாத அணில்.

பேனாவை எடுத்து
அந்தக் கட்டத்தில்
தேவாங்கு என்று எழுதினேன்.

காலையில் ஏ.இ. சிரித்துவிட்டார்.
"காரணம்னு இருக்கிற இடத்துல
உன் பேரை எதுக்குய்யா எழுதுன?
கையெழுத்து கீழ போடணும்.
அதை அடிச்சுட்டு அணில்னு போடு."

"சரியாத்தான் சார் இருக்கு" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார்.
பிறகு மின்விசிறியைப் பார்த்தார்.
பிறகு அடுத்த செவ்வாய்க்கு உள்ள தாளை நீட்டினார்,
ஐம்பத்திரண்டிலிருந்து எழுபது வரை
கிளை வெட்டு.
வாங்கிக்கொண்டேன்.
வெளியே ஒச்சப்பன்
சைக்கிள் டயரில் அரிவாள் நுனியின் மண்ணைத்
துடைத்துக்கொண்டிருந்தான்.